பின்வரிசையில் என் முகம்

எனக்குப் பொறாமை அதிகம். தமிழ்ப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் இரண்டு அடுக்குப் பென்சில் பெட்டி இருந்தது. அதைப் பார்த்துத் தொடங்கிய வயிற்றெரிச்சல், ஐம்பதைத் தாண்டியும் தீர்ந்தபாடில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்த அழுத்தம், எனக்கு இது. ஆனால் நான் பார்க்கும் வேலைக்கும் இந்தக் குணத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஒரு சிறிய அமைப்பில் இருக்கிறேன். ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது அங்கிருந்து கிளம்பிய நம்மவர்கள் பலர் இன்று மலிவு விலை அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்காது, குப்பை அள்ள ஆள் வரமாட்டார், லிப்ட் ஓடாது. இவற்றை நாங்கள் போய்த் தீர்த்துவைப்பதில்லை. அங்கேயே குடியிருப்பவர்களில் ஒருவரைக் கண்டுபிடித்து, பழக்கி, அவரை முன்னால் நிறுத்தி அவர்களே தீர்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். அதற்கு ஒரு கண்டிப்பான விதி வைத்திருக்கிறோம். ஆள் தயாரான பிறகு, கூட்டங்களில் பழக்கியவர் கடைசி வரிசையில்தான் உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. யாராவது கேள்வி கேட்டால்கூட முன்னால் நிற்பவரைக் கைகாட்டிவிட வேண்டும். இந்த விதியை எழுதியவர் பென்சில் பெட்டிக்காக அழுதவராக இருந்திருக்க மாட்டார்.

தெப்ராவ் பக்கம் ஒரு பத்து மாடிக் குடியிருப்பு. நான் முதன்முதலில் போனபோது ஏ புளோக்கில் இருந்த இரண்டு லிப்டுகளில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் மனம் வைத்தால்தான். பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஒன்பதாவது மாடியில், லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் சிறுநீரகம் பழுதாகி, ரத்தச் சுத்திகரிப்புக்கு விடாமல் போய்வர வேண்டிய நிலையில் இருந்தார். லிப்ட் நின்ற பிறகு அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இறங்குவதாவது பரவாயில்லை. சிகிச்சை முடிந்து துவண்டு திரும்பும் மனிதரை மேலே ஏற்றுவதற்குள் தூக்குகிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். ஒருநாள் தூக்க ஆள் கிடைக்காமல் அவர் சிகிச்சைக்கே போகவில்லை. மறுநாள் அவர் முகமெல்லாம் வீங்கிக் கிடந்ததை நான் பார்த்தேன். அந்த லிப்டை ஓடவைக்க வேண்டும் என்பதுதான் அந்த புளோக்கில் எல்லாருக்கும் இருந்த ஒரே கவலை. எனக்கும் அதுதான் கவலை. கூடவே, ஓடவைத்தால் அதில் என் கை தெரிய வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

பயிற்சிக்கு மூன்று பெண்களைக் கூப்பிட்டிருந்தேன். மூவரையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். அதில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்துவிட, அவளுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சேர்ந்தாள். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தொழிற்சாலைக் கேண்டீன் ஒன்றில் சமையல் வேலை. என்னைவிட ஒரு வயது பெரியவள், ஆனாலும் என்னை ‘மிஸ்’ என்பாள். உதட்டுச்சாயம் போடாமல் குப்பை கொட்டக்கூட இறங்கமாட்டாள். சிரித்தால் இரண்டு மாடிக்குக் கேட்கும். ஹோட்டலில் பஃபே சாப்பாடு என்று கேள்விப்பட்டு வந்ததாக முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அது ஹோட்டல் இல்லை, ஒரு தேவாலயத்தின் பின்கட்டு மண்டபம். மீகூன் சேமியாவும், மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப்பும்தான் கொடுத்தோம். அதிலும் மீகூனில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

எங்கள் பயிற்சியில் சுவரில் ஒட்டி எழுதுகிற பெரிய வெள்ளைத் தாளுக்கு இங்கே மாஜோங் பேப்பர் என்று பெயர். எனக்கு அந்தத் தாளின்மேல் தனிப் பிரியம். பிரச்சினையை ஒரு மரமாக வரையச் சொல்வேன். வேர்தான் காரணம், கிளைதான் விளைவு. மற்ற இருவரும் நான் சொன்னபடி வரைந்தார்கள். இவள் ஒரு மரத்தை வரைந்து அதன் நிழலில் குடியிருப்பு நிர்வாக அலுவலக அதிகாரி வாயைத் திறந்து தூங்குவதுபோல் வரைந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாலையில் அதிகாரியும் குடியிருப்பாளருமாக நடித்துக் காட்டும் பயிற்சி. அவள் அதிகாரியாக உட்கார்ந்தாள். பேனாவை மூடி மூடித் திறந்தபடி, எதிரே நின்றவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “ஆ, அப்புறம்?” என்று கேட்டாள். எதிரே நின்றவளுக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. அன்றே என் அலுவலகத்துக்கு போன் போட்டு, ஆள் சிக்கிவிட்டது என்று சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது சந்தோஷம் மட்டும்தான்.

அந்தப் பயிற்சியின் கடைசி நாளில் நான் வழக்கமாகச் சொல்லும் ஒன்றைச் சொன்னேன். அது என் சொந்தச் சரக்கு. என் அம்மா பண்டார் தெங்காராவுக்கு அந்தப் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரி பொறுக்கியவர். ஆண்கள் குலையை வெட்டித் தள்ளுவார்கள். விழுந்த வேகத்தில் தெறித்த பழங்களைக் குனிந்து குனிந்து பொறுக்கிச் சாக்கில் போடுவது பெண்களின் வேலை. பார்ப்பவர்களுக்கு அது பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் பழுத்த பழம்தான் உதிரும், அதில்தான் எண்ணெய் அதிகம். “உங்களை உதிரின்னு யாராவது சொன்னா, ஆமாம், எண்ணெய் எங்ககிட்டதான் இருக்குன்னு சொல்லுங்க” என்று முடிப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒரு சின்ன அமைதி விழும். அந்த அமைதிக்காகவே நான் அதைச் சொல்வது வழக்கம்.

வயிறு எரியத் தொடங்கியது நான்காவது மாடியில். அங்கே ஒரு தாய், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டுவிட்டு, பள்ளியில் சேர்க்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். மாதக் கணக்காக அவளோடு பதிவு அலுவலகத்துக்கு நடந்தவள் நான். வெயிலில் நின்றவள் நான். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக் கதவைத் தட்டி, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டேன். “பரவால்ல மிஸ், நான் அக்காகிட்ட சொல்லிட்டேன், அக்கா கூட வர்றாங்க” என்றாள். நான் மிஸ், கேண்டீன்காரி அக்கா. நல்லது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். இதற்காகத்தானே இத்தனை நாள் பாடுபட்டோம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு காரில் ஏறினேன். காதில் புகை வந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு சாவு வீடுகள். அந்தக் குடியிருப்பில் சாவு விழுந்தால் நானும் போவேன். ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வீட்டுக்காரர் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வருவேன். யாருக்கும் சிரமம் கொடுக்கக் கூடாது, கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தின் பாடம். அவள் நேரே அடுப்படிக்குப் போவாள். பெரிய பாத்திரத்தில் கோப்பி கொதிக்கும். கூடாரம் போடுகிறவனை போனில் திட்டுவாள். இறந்தவரின் மருமகனைப் பார்த்து, உயிரோடு இருக்கையில் எட்டிப் பார்க்காதவன் இப்போதாவது நாற்காலியை அடுக்கு என்பாள். அவனும் அடுக்குவான். நான் சொல்லியிருந்தால் அடித்திருப்பான். அவள் எந்த வீட்டில் எது கொடுத்தாலும் சாப்பிடுவாள், நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். எனக்கு ஒரு வீட்டிலும் தட்டு நீட்டியதில்லை, மிஸ் சாப்பிடமாட்டார் என்று எல்லாருக்கும் பழகிவிட்டது.

லிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கணக்காக மனுக்கள் போய் ஒன்றும் நடக்காமல், கடைசியில் தொகுதியின் பிரதிநிதியே நேரில் வருவதாக ஒப்புக்கொண்டார். இங்கே எல்லாரும் சொல்வதுபோல், ஒய்பி. கூடவே நிர்வாக அலுவலகத்திலிருந்தும் ஒருவர் வருவதாக ஏற்பாடு. நான் குடியிருப்புக் குழுவை உட்காரவைத்து, மாஜோங் பேப்பரை விரித்து, திட்டம் போட்டுக் கொடுத்தேன். முதலில் ஒன்பதாவது மாடிக்காரரின் மனைவி பேச வேண்டும். அடுத்து, வேலை முடிந்து வந்து ஒவ்வொரு முறையும் அவரைத் தூக்குகிறவர்களில் ஒருவர். கடைசியில் நம் கேண்டீன்காரி எழுந்து, எந்தத் தேதிக்குள் லிப்ட் ஓடும் என்று கேட்டு, பதில் வாங்காமல் உட்காரக் கூடாது.

முக்கியமாக ஒன்று சொன்னேன். மாலை கூடாது, பொன்னாடை கூடாது, நன்றியுரை கூடவே கூடாது. நம்மவர்களுக்கு இந்த வியாதி உண்டு. யாரைக் கேள்வி கேட்கக் கூப்பிடுகிறோமோ அவருக்கே குத்துவிளக்கு ஏற்றவைத்து, பொன்னாடை போர்த்தி, புகழ்ந்து தள்ளி, கறிபாப் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் கார் போன பிறகு லிப்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்போம். போர்த்தியவரை எப்படிக் கடிந்து பேசுவது என்று வாய் கூசும். அவரும் சந்தோஷமான மக்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். முன்பு இதே குடியிருப்பில் அப்படித்தான் ஒருமுறை நடந்திருக்கிறது. எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் மற்ற எல்லாரையும்விட அதிகமாகவே தலையாட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்த்தளத்துக் கூடத்துக்குப் போனேன். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே குத்துவிளக்கு. மேசைமேல் ஆளுயர மாலை. பக்கத்தில் ஜிகினா போட்ட பொன்னாடை, ஒன்றுக்கு இரண்டு. மூன்று சிறுமிகள் நடன உடையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் பட்டுப் புடவையில், உதட்டுச்சாயம் வழக்கத்தைவிட அழுத்தமாக. என்ன இது என்று கண்ணாலேயே கேட்டேன். பின்னால் இருந்த நாற்காலியைக் கைகாட்டிவிட்டு வேறு பக்கம் போய்விட்டாள். போய் உட்கார்ந்தேன்.

அன்று அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கோபம் வந்திருக்க வேண்டும், ஒன்பதாவது மாடி மனிதரை நினைத்துப் பதறியிருக்க வேண்டும். பதற்றம் இருந்தது. ஆனால் அதற்குமேல் ஜில்லென்று ஒரு திருப்தி இருந்தது. போர்த்து, நன்றாகப் போர்த்து, என்று நினைத்தேன். விளக்கேற்றினார்கள், கடவுள் வாழ்த்துப் பாடினார்கள், சிறுமிகள் ஆடினார்கள். வரவேற்புரையில் அவள் ஒய்பியைப் புகழ்ந்த புகழ்ச்சியில் அவருக்கே கூச்சம் வந்தது. அவர் மலாய்க்காரர், தமிழ் புரியாது, பக்கத்திலிருந்தவர் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மாலை விழுந்தது. பொன்னாடை விழுந்தது. நிர்வாக அலுவலகத்துக்காரருக்கும் ஒன்று. லிப்ட் என்ற சொல்லே யார் வாயிலும் வரவில்லை. சுற்றிலும் பார்த்தேன், சாப்பாட்டு மேசைகூட இல்லை. இத்தனையும் செய்தவள் அதை மறந்துவிட்டாளே என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

ஒய்பி கைகூப்பிவிட்டுக் கிளம்ப எழுந்தார். அவள் மைக்கைப் பிடித்து மலாய்க்கு மாறினாள். எங்கள் வழக்கத்தில் பொன்னாடை போர்த்தியவரைச் சாப்பிடாமல் அனுப்பினால் குடியிருப்புக்கே அவமானம் என்றாள். சாப்பாடு மேலே தயாராக இருக்கிறது என்றாள். அவர், தாராளமாகச் சாப்பிடலாம், எங்கே என்று கேட்டார். ஒன்பதாவது மாடியில், நோயாளி ஒருவர் வீட்டில், அவரால் இறங்கி வரமுடியாது, அதனால்தான் அங்கே. ஒய்பி சிரித்துக்கொண்டே லிப்ட் பக்கம் திரும்பினார்.

“லிப்ட் ரோசாக், ஒய்பி. நாயிக் தங்கா லா,” என்றாள் அவள். லிப்ட் பழுது, படியேறுங்கள் என்று அவ்வளவு மரியாதையாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லார் கையிலும் போன். மாலையும் பொன்னாடையுமாக அந்த மனிதர் ஏறத் தொடங்கினார். மூச்சு வாங்குவதற்கு நிற்கும் இடத்திலெல்லாம் யாராவது கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது மாடியில் சக்கர நாற்காலிப் பிள்ளையோடு ஒரு தகப்பன். நான்காவது மாடியில் என்னைக் கைவிட்ட அந்தத் தாய். ஆறாவதில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, சும்மா சுவரில் சாய்ந்து நின்றாள், ஒன்றுமே பேசவில்லை. நான் மூன்று பேரைப் பேசவைக்கத் திட்டம் போட்டேன். அவள் மாடிக்கு ஒருவரை நிறுத்தியிருந்தாள். நிர்வாக அலுவலகத்துக்காரர் ஐந்தாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ அவருக்கு விசிறினார்கள்.

நான்தான் கடைசியாக ஏறினேன். என் முழங்கால் அப்படி. ஒன்பதாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒய்பி வியர்வையில் நனைந்து, அந்த நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தன்னை எப்படித் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு ஒய்பி அங்கேயே உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டார். குரல் கீழே பேசிய குரலாக இல்லை. சில வாரங்களில் ஒரு லிப்ட் ஓடியது. இன்னொன்று இன்றுவரை ஓடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

திட்டத்தை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். “சொன்னா அதையும் பேப்பர்ல எழுத வெச்சிருப்பீங்க மிஸ்,” என்று சொல்லி, இரண்டு மாடிக்குக் கேட்கும்படி சிரித்தாள்.

லிப்ட் முதல் தடவை ஒன்பதாவது மாடியில் திறந்தபோது அந்த மனிதரின் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் கண் கலங்கியது. அது முழுக்க அந்த மனிதருக்காகக் கலங்கியது என்று சொல்லமாட்டேன்.

அந்த மாலை போட்ட படியேற்றம் வீடியோவாக ஜொகூர் முழுக்கச் சுற்றியது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் அதை எனக்கே அனுப்பி, இந்த ஆன்ட்டி யார், சூப்பராக இருக்கிறாரே என்று கேட்டிருந்தாள். தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்தது. ஓரத்தில் தெரியும் பச்சைச் சட்டை போட்ட முழங்கை என்னுடையது. காலைப் பசியாறும்போது என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டே, பலே பொம்பளை என்றார். அவர் என்னை அப்படிச் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டேன். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த தோசை ஒருபக்கம் கருகியது.

அடுத்து கோலாலம்பூரில் ஒரு மாநாட்டுக்கு அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பும், திரையில் காட்ட வேண்டிய படங்களைத் தயார்செய்யும் பொறுப்பும் எனக்கு. விழுந்து விழுந்து தயார்செய்தேன். மேடையேறியதும் திரையை அணைக்கச் சொல்லிவிட்டாள். கதை கதையாகப் பேசினாள், அரங்கம் குலுங்கியது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, தோட்டத்தில் உதிரி பொறுக்கும் பெண்களைப் பற்றிச் சொன்னாள். பழுத்ததுதான் உதிரும், எண்ணெய் எங்களிடம்தான் இருக்கிறது என்றாள். நான் பார்த்தேயிராத பெரிய அமைதி அந்த அரங்கில் விழுந்தது. பிறகு கைத்தட்டல். அது யாருடைய அம்மா என்று அவள் சொல்லவில்லை. கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு நானும் கைதட்டினேன். திரும்பும் வழியில் எனக்குப் பக்கத்து இருக்கையில் வாயைத் திறந்து தூங்கினாள். மடியில், அவர்கள் போர்த்திய பொன்னாடை. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒருவரும் ஒன்று போர்த்தியதில்லை. ஆயர் ஈத்தாம் தாண்டும்வரை அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

எங்கள் விதி அவளையும் விடாது. ஒரு புளோக் எழுந்து நின்றதும், அதன் தலைவர் அடுத்த புளோக்கில் ஒருவரைப் பழக்கிவிட்டுத் தானும் பின்வரிசைக்குப் போக வேண்டும். பி புளோக்கில் மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. அங்கே அவள் பிடித்தது, தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கும் ஒரு கத்தோலிக்கப் பெண்ணை. குரலே வெளியில் வராது, இவளா என்று நான் உள்ளூர நினைத்தேன். சில மாதங்களில் அந்தப் பெண் தேவாலயத்தில் தன்னோடு பாடுகிறவர்களையும், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்களையும் ஒன்றாகச் சேர்த்து, காலி வாளிகளோடு நிர்வாக அலுவலகத்துக்குள் போய், சத்தம் போடாமல் வரிசையாக உட்காரவைத்துவிட்டாள். தண்ணீர் ஏறுகிறதோ இல்லையோ, அதிகாரிகள் இப்போது அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறார்களாம். இதை எனக்குச் சொன்னவர்கள் பி புளோக் ஆட்கள். நம்மவள் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், உலு திராமில் இருக்கும் என் வீட்டுக்கு அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். உதட்டுச்சாயம் இல்லை. சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றாள். மீன் குழம்பு என்றேன், அதற்கும் வேண்டாம். அவள் ஒரு வீட்டில் சாப்பாட்டை மறுத்து நான் பார்த்ததில்லை, உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டேன். சோபா நுனியில் உட்கார்ந்து, பி புளோக்கில் யாரும் இப்போது தனக்கு போன் போடுவதில்லை என்றாள். போன வாரம் அங்கே ஒரு சாவு, இவள் போவதற்குள் அந்தப் பெண் கோப்பி போட்டு முடித்திருந்தாளாம். கூடாரம்கூட வந்துவிட்டதாம்.

“மிஸ், நான் முன்னால நின்னு பேசறப்ப உங்களுக்கு எரிஞ்சுச்சா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவளைவிட ஒரு படி மேலே நின்றிருப்பேன், அவளும் நம்பித் தலைகுனிந்து போயிருப்பாள் என்று அப்போது நினைத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடமாகக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் அது.

“எரிஞ்சுச்சு,” என்றேன். “இன்னமும் எரியுது.”

“தெரியும் மிஸ்.” அவள் அதிராமல் சொன்னாள். “பேசறப்ப நான் யாரையும் பாக்கமாட்டேன், பின்னாடி உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். நீங்க சிரிச்சா நான் எங்கயோ சொதப்புறேன்னு அர்த்தம். உர்ருன்னு ஆயிட்டீங்கன்னா நல்லாப் போவுதுன்னு தைரியம் வந்துரும். அந்த ஒய்பி வந்த அன்னிக்கு, மாலை போடறப்ப நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க. போச்சுடான்னு நெனச்சேன். நீங்க மேல ஏறி வந்தப்ப அவர் பக்கத்துல நின்னு உங்களப் பாத்தேன். அப்படி ஒரு மூஞ்சி. அப்பதான் லிப்ட் வந்துரும்னு நம்பிக்கை வந்துச்சு.”

ஒருவருக்கும் தெரியாமல் அடக்கி வைத்திருக்கிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அது போவட்டும்,” என்றாள். “உள்ள அப்படி எரியறப்ப வாய மூடிக்கிட்டு எப்படி மிஸ் உக்காந்தீங்க? அதச் சொல்லிக் கொடுங்க. எனக்கு முடியல லா.”

அவள் என்னிடம் எதையாவது கற்றுக்கொள்ளக் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. பயிற்சிக்குக்கூடச் சாப்பாட்டுக்காகத்தானே வந்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது ஒரு மண்ணும் அடங்காது, அடக்கப் பார்க்காதே என்றேன். கதவுக்குப் பக்கத்தில் உட்காராதே, எழுந்து போகத் தோன்றும். சுவரோரமாக உட்கார், நடுவில் ஆள் இருந்தால் சட்டென்று எழ முடியாது. அந்தப் பெண் தப்பாகப் பேசினால் அவளே திருத்திக்கொள்ளும்வரை எச்சிலை விழுங்கு. பிறகு அவள் மீன் குழம்பு கேட்டாள். புளி தூக்கல் என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் பி புளோக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைசி வரிசையில், சுவரோரம் அவள், அவளுக்குப் பக்கத்தில் நான். அந்தப் பெண் எழுந்து பேசத் தொடங்கினாள். குரல் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை, எங்களுக்குப் பாதி கேட்கவில்லை. பின்னால் ஒரு குழந்தை வேறு அழுதது. அவள் என்ன சொல்கிறாள், சரியாகச் சொல்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. திரும்பி என் பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தேன். உர்ரென்று இருந்தது. சரி, நன்றாகத்தான் பேசுகிறாள் என்று தெரிந்துகொண்டேன்.